வெட்டி வைத்த மூச்சு

"நாப்பத்தொண்ணு," என்றாள் மனைவி.

வெட்டுக்காரருக்கு அது கேட்கவில்லை. காதில் ஹெட்போன். அவள் கட்டிலிலிருந்து எழுந்து வந்து ஒரு பக்கத்தை மட்டும் தூக்கி, "நாப்பத்தொண்ணு வரைக்கும் எண்ணிட்டேன். மூச்சு விடுங்க," என்றாள். அவர் விட்டார். விட்ட பிறகுதான் இவ்வளவு நேரம் பிடித்து வைத்திருந்தது அவருக்கே தெரிந்தது.

அவளுக்கு அன்று சளி. போக்குவரத்து அலுவலகத்தில் மாதச் சம்பளத்துக்கு இருப்பவள். சளி பிடித்தால் லீவு போடலாம், போட்டுவிட்டுப் போர்வையும் கையுமாகக் கணவன் வேலை செய்யும் அறைக்கு வந்து சுருண்டு படுத்துக்கொள்ளலாம். அப்படிப் படுத்ததில்தான், வீட்டில் உட்கார்ந்து அவர் வேலை செய்ய ஆரம்பித்து ஒன்பது வருடம் கழித்து, அவர் வேலை செய்வதை முதல் தடவையாக முழுசாகப் பார்த்தாள். பார்த்தவள் பேசாமல் தூங்கியிருக்கலாம். எண்ண ஆரம்பித்துவிட்டாள்.

"எதுக்கு மூச்சப் பிடிச்சுக்கறீங்க?"

"பிடிச்சாத்தான் கேக்கும்."

"என்ன கேக்கும்?"

"அடுத்தவங்க மூச்சு."

இதைக் கேட்டால் யாருக்கும் சிரிப்பு வரும். ஆனால் அவர் பிழைப்பே அதுதான். யாரோ ஒரு புத்தகத்தைச் சத்தமாக வாசித்துப் பதிவு செய்து அனுப்புவார்கள். அதில் தடுமாறியதை, இருமியதை, நாற்காலி கிறீச்சிட்டதை எல்லாம் இவர் எடுத்துவிட்டு வழவழவென்று ஆக்கிக் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். கேட்கிற ஜனங்களுக்குப் பொறுமை கிடையாது. வண்டி ஓட்டிக்கொண்டு, பாத்திரம் கழுவிக்கொண்டு, இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறார்கள். அந்த வேகத்தில் வாசிப்பவரின் மூச்சு, யாரோ பக்கத்தில் உட்கார்ந்து விடாமல் மூக்கை உறிஞ்சுவது போலக் கேட்குமாம். அதனால் கம்பெனி ஒரு சட்டம் போட்டது: புத்தகத்தில் மூச்சே இருக்கக் கூடாது. ஒவ்வொன்றாக வெட்டி, அந்தப் பொத்தலில், வாசித்த அறையின் வெறும் அமைதியை வைத்து அடைக்க வேண்டும். இந்த வேலையில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று கம்பெனியில் யாரோ வைத்த பேர்தான் வெட்டுக்காரர். இப்போது மனைவியே கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

வேலை நன்றாகத்தான் செய்தார், சும்மா சொல்லக் கூடாது. உடம்பைத்தான் எங்கேயோ வைத்துவிட்டு மறந்துவிட்டார். வலது தோள் காதுக்குப் பக்கத்தில் ஏறி அங்கேயே குடியிருந்தது. மதியச் சாப்பாடு நாலு மணிக்கு, அதுவும் ஒரு கையில் தட்டு, ஒரு கையில் மவுஸ். மணிக்கு ஒரு கோடு போட்ட தண்ணீர் பாட்டில் ஒன்றை மனைவி வாங்கிக் கொடுத்திருந்தாள். ஐந்தேகாலுக்கு அவள் வருகிற நேரம் பார்த்து முக்கால் பாட்டிலைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டு நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருப்பார். கொஞ்ச நாளாக நாற்காலியிலிருந்து எழுந்தால் கண் இருட்டியது. சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றால் சரியாகிவிடும் என்று சுவரை நம்பி இருந்தார்.

"டாக்டரப் பாத்துட்டு வாங்க," என்றாள் மனைவி, மூக்கைத் துடைத்துக்கொண்டே.

"இந்தப் புத்தகம் முடியட்டும்."

"போன புத்தகத்துக்கும் இதத்தான் சொன்னீங்க."

ஒரு புத்தகம் முடிவதற்குள் அடுத்தது வந்து வாசலில் நிற்கிறது. முடியாது என்று சொல்லிப் பார்க்கலாம். "பரவால்லண்ணே, இத வேற யாராவது பாக்கட்டும்" என்று, புத்தகங்களைப் பிரித்து அனுப்புகிற கம்பெனித் தம்பி அன்பாகத்தான் சொல்வான். அந்த அன்புக்குப் பிறகு அடுத்த புத்தகம் வராது.

ஆனால் இந்தப் புத்தகத்தை அவர் சீக்கிரம் முடிக்க நினைத்ததற்கு வேறு காரணமும் இருந்தது. அதை மனைவியிடம் அவர் சொல்லவில்லை.

புத்தகத்தை வாசிப்பவர் ஒரு அம்மா. ஆறு வருடமாக அவருடைய குரலை இவர்தான் வெட்டுகிறார். முகம் தெரியாது, ஊர் தெரியாது. வெளியாட்களின் நம்பரை வெளியாட்களுக்குக் கொடுப்பதில்லை என்பது கம்பெனியின் இன்னொரு சட்டம். ஆனால் அந்த அம்மாவைப் பற்றி இவருக்குத் தெரிந்த அளவுக்கு அவர் சொந்தக்காரர்களுக்குத் தெரியுமா என்பது சந்தேகம். தனியாக இருக்கிறார். மாடி வீடு. பெரிய வாக்கியம் வந்தால் முதலில் எச்சில் விழுங்குவார். கதையில் யாராவது செத்தால் அந்தப் பக்கத்தை மட்டும் மறுநாள் வாசிப்பார். அறையின் சத்தம் மாறியிருப்பதை வைத்து இவர் கண்டுபிடித்துவிடுவார்.

அதோடு, அந்த அம்மா இவரிடம் பேசுவார். பதிவுக்கு நடுவிலேயே. "சார், பக்கத்து வீட்ல சுவத்துல ஓட்டை போடறாங்க, இந்த வரிய விட்ருங்க." "சார், இவன் இந்தப் பொண்ண ஏமாத்தப் போறான் பாருங்க, எனக்கு மூணாவது பக்கத்துலயே தெரிஞ்சிடுச்சு." இவர் ஹெட்போனுக்குள் சிரிப்பார், சில சமயம் பதிலும் சொல்வார், பிறகு அதை வெட்டிவிடுவார். வெட்டித்தானே ஆக வேண்டும். பதில் அந்தப் பக்கம் போக வழி கிடையாது.

இந்தப் புத்தகத்தில், ஏழாவது அத்தியாயத்துக்குப் பிறகு, அந்த அம்மா அவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டார்.

அதுதான் முதலில் உறுத்தியது. அப்புறம் கை சொன்னது. வழக்கமாக ஒரு அத்தியாயத்தில் முந்நூறு மூச்சு வெட்டுவார். ஒன்பதாவதில் கை வலித்தது. எண்ணிப் பார்த்தால் நானூற்றைம்பது. பன்னிரண்டாவதில் அறுநூறு. முற்றுப்புள்ளியில் வாங்கிய மூச்சு, கமாவில் வாங்கிய மூச்சு எல்லாம் போய், வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவில், சில இடத்தில் ஒரே வார்த்தையின் நடுவில், சின்னதாக, அவசரமாக, திருடுவது போல ஒரு மூச்சு. அதையும் இவர் எடுத்தார். எடுத்து, முன் பாதியையும் பின் பாதியையும் ஒட்டி, தடவிக் கொடுத்து, வழவழவென்று ஆக்கினார். கம்பெனியிலிருந்து, "அம்மா இந்தத் தடவ பிரமாதமா வாசிச்சிருக்காங்க" என்று மெயில் வந்தது.

அன்று அவர் சாப்பிடவில்லை. அவர் எவ்வளவு நன்றாக வெட்டுகிறாரோ அவ்வளவுக்கு அந்த அம்மா நன்றாக இருக்கிறார் என்று ஊர் நம்பும். யாருக்காவது தெரிய வேண்டுமென்றால் அவர் மோசமாக வேலை செய்ய வேண்டும். மோசமாகச் செய்ய அவருக்கு வரவில்லை. கம்பெனியிடம் சொன்னால் புத்தகத்தைப் பாதியில் பிடுங்கி வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அந்த வேறு ஒருவருக்கு அவருடைய சொந்த வெட்டுக்காரர் இருப்பார். ஆக, இவர் பிழைப்பும் அந்த மூச்சில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. இதை அவர் தனக்குத்தானே ஒப்புக்கொள்ள மூன்று நாளானது. ஒப்புக்கொண்டபோது தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

அதற்குப் பிறகு வெட்டின மூச்சுகளை அவர் எறியவில்லை. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. திரையில் கீழே இன்னொரு வரிசை திறந்து, மேலே வெட்டியதைக் கீழே, அதே இடத்தில், அதே நொடியில் கொண்டுபோய் வைத்தார். மேல் வரிசையில் மூச்சில்லாத வார்த்தைகள். கீழ் வரிசையில் வார்த்தையில்லாத மூச்சு. ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் இப்படி. அனுப்பும்போது கீழ் வரிசையின் வாயை அடைத்துவிட்டு மேல் வரிசையை மட்டும் அனுப்புவார்.

சளி சரியாகி மனைவி ஆபீசுக்குப் போய்விட்டாள். அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. வேலை செய்ய உட்கார்ந்தால் அவள் எண்ணியது ஞாபகம் வந்து மூச்சு விடுவார். மூச்சு விட்டால் வேலை நடக்கவில்லை. எழுந்து சமையலறை வரை போய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் ஒரு டம்ளரை இடம் மாற்றி வைத்துவிட்டுத் திரும்புவார். பத்தொன்பதாவது அத்தியாயத்தை முடிக்க நாலு நாள் ஆனது. கீழ் வரிசையில் எழுநூற்றுத் தொண்ணூறு.

வியாழக்கிழமை மதியம் இரண்டரைக்கு வேலை முடிந்தது. எழுந்தார். கண் இருட்டியது, இந்தத் தடவை சுவரும் கொஞ்சம் நகர்ந்தது. மறுபடி உட்கார்ந்து, கண்ணில் பூச்சி பறக்கப் பறக்க இரண்டு பொத்தானை அழுத்தி, ஃபைலை அனுப்பிவிட்டு, மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டார். ஒரு வரிசையின் வாயை அடைத்தது ஞாபகம் இருந்தது. எந்த வரிசை என்பதை அவர் கவனிக்கவில்லை.

மூன்று மணிக்குக் கம்பெனித் தம்பி கூப்பிட்டான். மெயிலில் மட்டுமே பேசுகிற பையன் போனில் வந்ததும் அவருக்குத் திக்கென்றது.

"அண்ணே, என்ன அனுப்பிருக்கீங்க?"

"பத்தொன்பது."

"ஒரு வார்த்த கூட இல்லண்ணே. நாப்பது நிமிஷம். யாரோ மல ஏறிக்கிட்டே இருக்கற மாதிரி இருக்கு."

அவர் திரையைப் பார்த்தார். மேல் வரிசை வாய் மூடிக் கிடந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அது சும்மா தம்பி, ஒரு டெஸ்டுக்கு... சாஃப்ட்வேர் கோளாறு."

"சரிண்ணே, கோளாறுன்னே எழுதிக்கறேன். சரியான ஃபைல அஞ்சு மணிக்குள்ள போட்டுடுங்க." அவன் வைக்கவில்லை. "அந்தம்மாதானே அது?"

இவர் மூடிக் கிடந்த மேல் வரிசையைத் திறந்துவிட்டார்.

"நானும் ரெண்டு வருஷம் வெட்டினவன்தான். எனக்கும் காது இருக்கு. மேல சொன்னா இன்னைக்கே ஆள மாத்திடுவாங்க. நான் ஒண்ணும் கேக்கல, எனக்கு ஒண்ணும் தெரியாது. அஞ்சு மணிண்ணே."

வைத்த ஒரு நிமிடத்தில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. வணக்கம் கூட இல்லை. வெறும் நம்பர்.

அதைப் பார்த்துக்கொண்டே அவர் அறைக்குள் நடந்தார். கட்டிலுக்கும் மேசைக்கும் நாலு எட்டு. சரியான ஃபைல் தயாராக இருக்கிறது, பொத்தானை அழுத்தினால் தீர்ந்தது; புத்தகம் முடியும், அடுத்தது வரும். நாலு எட்டு. ஆறு வருடம் ஒருத்தர் நம்மிடம் பேசியிருக்கிறார், நாம் வாயைத் திறந்ததில்லை. நாலு எட்டு. மூன்று நாற்பதுக்கு நம்பரை அழுத்தினார்.

"யாரு?"

"நான்தாம்மா. உங்க புத்தகத்த வெட்டறவன்."

"ஓ," என்றது அந்தக் குரல். "குரல் இவ்ளோ மெல்லிசா இருக்கும்னு நெனைக்கல சார். நல்லா தடியா ஒருத்தர நெனச்சு வெச்சிருந்தேன்."

அவருக்குச் சிரிக்க வேண்டும் போலவும் அழ வேண்டும் போலவும் இருந்தது. சுற்றி வளைக்கத் தெரியாமல் போட்டு உடைத்தார். முந்நூறு, நானூற்றைம்பது, எழுநூற்றுத் தொண்ணூறு. தவறிப்போய் அனுப்பிய ஃபைல். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "உங்களுக்கு ஏதோ சரியில்லம்மா," என்றார்.

"எனக்குத் தெரியாதா சார்? மூச்சு என்னோடதுதானே." கோபம் இல்லாமல்தான் சொன்னார். "மாடிப் படில நின்னு நின்னுதான் ஏறறேன். மூணு தலகாணி வெச்சாத்தான் படுக்க முடியுது. உங்ககிட்ட நடுவுல பேசறத ஏன் விட்டேன்னு நெனைக்கறீங்க? அதுக்கும் சேத்து மூச்சு வேணுமே."

"அப்புறம் ஏம்மா வாசிச்சீங்க?"

"நீங்க வெட்டிடுவீங்கல்ல. அந்தத் தைரியம்தான்."

அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். அவர் கைத்திறமையை இத்தனை வருடத்தில் எத்தனையோ பேர் பாராட்டியிருக்கிறார்கள். ஒரு பாராட்டு இப்படி வலித்தது இதுதான் முதல் தடவை.

"டாக்டர்கிட்ட..."

"போனா ஒரு பேரு வெப்பாரு சார். பேரு வெச்சிட்டா அப்புறம் நான் நோயாளி. மாசச் சம்பளக்காரங்க படுத்துக்கலாம். நான் ரெண்டு மாசம் படுத்தா, என் குரல் யாருக்கு ஞாபகம் இருக்கும்? இந்தப் புத்தகம் முடியட்டும். இன்னும் பதிமூணு அத்தியாயம்தான். நீங்க பாத்து ஒட்டிடுங்க."

'இந்தப் புத்தகம் முடியட்டும்' என்று இதே அறையில் தான் சொன்னதும், அதற்கு மனைவி பார்த்த பார்வையும் அவருக்கு நினைவுக்கு வந்தது. அவள் எண்ணியதில் என்ன பயம் இருந்திருக்கும் என்பது இப்போதுதான் உறைத்தது.

"என்னால இனிமே ஒட்ட முடியாதும்மா."

"கை வலியா?"

"இல்ல. பயமா இருக்கு."

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. வெட்டாமல் கேட்பது வேறு மாதிரி இருந்தது. வழக்கமாகக் கண்டவுடன் கை போய்விடும். இப்போது கைக்கு வேலை இல்லை, காது முழுக்க அதுதான்.

"அப்ப வேற ஆள் வாசிப்பாங்க," என்றார் அந்த அம்மா. இந்தத் தடவை கோபம் இருந்தது. "உங்களுக்கும் வேற குரல் வந்துடும். அவ்ளோதானே சார்?"

"வராதும்மா. உங்களோட சேத்துத்தான் எனக்கும் வேல. உங்கள மாத்தினா என்னையும் மாத்திடுவாங்க." சொல்லிவிட்டு, எதற்கு இதைச் சொன்னோம் என்று நொந்துகொண்டார். ஆனால் அது அங்கே வேறு மாதிரி போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

"அப்புறமும் கூப்பிட்டீங்களா?" என்றார் மெதுவாக.

"பக்கத்துல டாக்டர் யாராவது இருக்காங்களா?"

"தெரு முனைல இருக்கு. நாலு மணிக்குத் திறப்பாங்க."

"மணி நாலாகப் போகுது."

"சார், நான் இன்னும் குளிக்கவே இல்ல. நைட்டில இருக்கேன். வெளிய போய் அஞ்சு நாளாச்சு."

"மேல ஒரு துண்டப் போட்டுக்கங்க. யாரு பாக்கப் போறா. போன வெக்காதீங்கம்மா, அப்படியே கைல வெச்சுக்கிட்டு நடங்க. நானும் கூட வர்றேன்."

எப்படிக் கூட வருவது என்று அவருக்குத் தெரியாது, வாயில் வந்துவிட்டது. அந்தப் பக்கம் அலமாரி திறந்தது. செருப்பைத் தேடிக் காலால் தரையைத் துழாவும் சத்தம். பூட்டு. "படி," என்றார் அந்த அம்மா, முன்னறிவிப்பு போல. படிகள் ஆரம்பித்தன. ஆறு படி இறங்கி நின்றார். இவரும் நின்றார். அப்போதுதான் தன் வீட்டு வாசல்படியில் தான் நிற்பதைக் கவனித்தார். எழுந்ததோ, கதவைத் திறந்ததோ எதுவும் நினைவில்லை. ஒரு காலில் தன் செருப்பு, இன்னொரு காலில் மனைவியின் செருப்பு.

திரும்பிப் போய் மாற்றவில்லை. அந்த அம்மா இறங்க இறங்க இவரும் தெருவில் இறங்கி நடந்தார். நாலு மணி வெயிலில் கண் கூசியது. இந்தத் தெருவை இந்த நேரத்தில் அவர் பார்த்தே பல மாதம் இருக்கும். மருந்துக் கடை இருந்த இடத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வந்திருந்தது, எப்போது வந்ததென்று யாரைக் கேட்பது. காதுக்குள் இன்னொரு தெரு ஓடியது. அங்கே ஒரு வண்டி ஹாரன் அடித்தது, இவர் ஒதுங்கினார். இங்கே ஒரு வண்டி உரசிக்கொண்டு போனது, அதற்கு ஒதுங்கவில்லை. ஓட்டியவன் ஏதோ திட்டிவிட்டுப் போனான்.

"நிக்கட்டுமா சார்?"

"நில்லுங்க. அவசரம் இல்ல."

"அஞ்சு மணிக்கு ஃபைல் அனுப்பணுமே நீங்க."

"அத விடுங்கம்மா."

விட்டுவிட முடியுமா என்று தன்னையே கேட்டுக்கொண்டார். தம்பி காத்திருப்பான். ஐந்து மணி ஆகும், ஐந்தரை ஆகும், பிறகு மேலே யாரோ கேட்பார்கள். நினைத்துக்கொண்டே நடந்தார், நடை மட்டும் நிற்கவில்லை. அங்கே சிமெண்டுத் தரை போய், காலடிச் சத்தம் வழவழப்பான தரைக்கு மாறியது. மின்விசிறி. ஒரு குழந்தை சிணுங்கியது. நாற்காலி இழுபட்டது.

"என்ன பண்ணுது உங்களுக்கு?" என்றது ஒரு பெண் குரல். முன் மேசையில் பெயர் எழுதுகிற பெண்ணாக இருக்க வேண்டும்.

அந்த அம்மா பதில் சொல்ல ஆரம்பித்தார். "எனக்கு..." என்றார். மூச்சு. "ரெண்டு மாசமா..." மூச்சு. ஆயிரக்கணக்கான பக்கங்களை வாசித்தவருக்கு அந்த ஒரு வாக்கியம் கூடி வரவில்லை. இவர் தெரு நடுவில் நின்றுவிட்டார்.

"இவர்கிட்ட கேளுங்க," என்றார் அந்த அம்மா. "இவருக்குத்தான் எல்லாம் தெரியும்."

போன் கை மாறியது.

"ஹலோ, சொல்லுங்க சார். எத்தன நாளா இப்படி இருக்கு?"

அவர் சொன்னார். ஏழாவது அத்தியாயம் என்று ஆரம்பித்து, உடனே திருத்திக்கொண்டு, ஒன்பது வாரம் என்றார். பேசும்போது நடுவில் வாங்குகிறது, படியில் ஆறுக்கு ஒரு தடவை நிற்கிறார், மூன்று தலையணை என்றார். அந்தப் பெண் எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. ஒரு தாள் திரும்பியது.

"கூட வந்தவங்கன்னு போடணும். நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

அவருக்கு எதிரே கண்ணாடிக் கடையில் ஒருவர் வெவ்வேறு ஃபிரேம்களை மாட்டி மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், லைன்ல இருக்கீங்களா?"

அந்தக் குரலுக்குப் பின்னால், பெஞ்சில், உள்ளே போவதும் வெளியே வருவதுமாக அந்த அம்மாவின் மூச்சு.